பாயின்ட்ஸ், கண்டென்சர், பிளக்: 28 வயசு டிராக்டரை ஓட வைத்த ஐந்து சாமான்கள்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சாமான் பட்டியல்ல இருந்து ஆரம்பிக்கலாம். வருஷம் 1994, ஜூலை மாசம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெஸ்ட் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 73 வயசுப் பெரியவர் ஒருத்தர் தன் வண்டிக்கு 250 டாலர் செலவு பண்ணி சாமான் வாங்குறார். பாயின்ட்ஸ், கண்டென்சர், பிளக், ஜெனரேட்டர், ஸ்டார்ட்டர். அவ்வளவுதான் பட்டியல்.

அது கார் இல்லை, பைக்கும் இல்லை. வீட்டுப் புல்தரையை வெட்டுகிற சின்ன டிராக்டர். 1966 மாடல் ஜான் டியர் 110. பெரியவர் பெயர் ஆல்வின் ஸ்ட்ரெய்ட். விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த அவருடைய அண்ணன் ஹென்றிக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஆல்வினுக்குக் கண்பார்வை மோசம், அதனால லைசென்ஸ் கிடையாது. புல் வெட்டுற வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதுக்குப் பின்னாடி பத்தடி நீள டிரெய்லரை மாட்டி, பெட்ரோல், துணிமணி, சாப்பாடு, கூடாரச் சாமான் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டார். தூரம் 240 மைல், அதாவது சுமார் 386 கிலோமீட்டர். நம்ம கணக்குல சென்னையில கிளம்பி, திருச்சியைத் தாண்டி, மணப்பாறை பக்கம் போற தூரம். வேகம் மணிக்கு 5 மைல். நாலு நாள்ல 21 மைல் போனதும் வண்டி படுத்துடுச்சு.

டேவிட் லிஞ்ச் 1999-ல் எடுத்த 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' படம் இந்தக் கதைதான். உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. அந்தப் படம் அண்ணன் தம்பிப் பாசத்தைப் பேசியது. நான் இன்னைக்குப் பேசப் போவது வண்டியைப் பத்தி. 28 வயசான ஒரு இயந்திரத்தை, நடுவழியில, ஒரு சின்ன ஊர்ல, கையில அதிகம் பணம் இல்லாத ஒரு பெரியவர் எப்படித் திரும்ப ஓட வைக்க முடிந்தது? இன்னைக்கு வாங்குற ஒரு வண்டிக்கு 28 வருஷம் கழிச்சு இது நடக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா, அமெரிக்கப் புறநகர் வரலாறு, ஒரு குளியல் தொட்டி கம்பெனி, கடைசியில காப்புரிமைச் சட்டம் வரைக்கும் போக வேண்டியிருக்கு.

பண்ணை குறைந்தது, புல்தரை பெருகியது

முதல்ல ஒரு எண். 1935-ல் அமெரிக்காவில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 1970 வாக்கில் அது 30 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. நிலம் எங்கும் போகவில்லை. சின்னப் பண்ணைகள் பெரிய பண்ணைகளுக்குள் கரைந்தன. டிராக்டர் கம்பெனிகளுக்கு இது என்ன அர்த்தம்? வாடிக்கையாளர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு பக்கம் புது வாடிக்கையாளர்கள் உருவாகிக்கொண்டு இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு, 1944-ல் வந்த சட்டத்தின்படி வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது. 1947-ல் நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொன்றும் 60-க்கு 100 அடி மனையில். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டு. வாரம் ஒரு முறை புல் வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது என்றெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வீடு கிடையாது என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான் இருந்தது. அந்தப் பச்சைப் புல்தரையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இரண்டரை கிரவுண்டுக்கு டிராக்டர் தேவையில்லை, தள்ளுகிற மெஷின் போதும். ஆனால் அடுத்த வட்டம் இருக்கு இல்லையா, ஊருக்கு இன்னும் வெளியே? அங்கே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று மனை வாங்கினார்கள். ஒரு ஏக்கர்னா கிட்டத்தட்ட 18 கிரவுண்டு. பண்ணையை விட்டு ஃபேக்டரி வேலைக்குப் போன குடும்பங்களும் ஊர் ஓரத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டன. இவர்களுக்குப் பெரிய டிராக்டர் அதிகம், தள்ளுகிற மெஷின் போதாது. அந்த இடைவெளியில் பிறந்ததுதான் கார்டன் டிராக்டர். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் பிளேடு. கோடையில் புல், வசந்தத்தில் காய்கறித் தோட்டத்துக்குச் சின்னக் கலப்பை, குளிர்காலத்தில் முன்னால் ஒரு தகடு மாட்டிப் பனி தள்ளுவது. ஒரு வண்டி, வருஷம் முழுக்க வேலை.

ஒரே இஞ்சின், பல பெயர்ப்பலகை

இதில் முதலில் இறங்கியவர்கள் பெரிய கம்பெனிகள் இல்லை. 1946-ல் இந்தியானா மாநிலம் சவுத் பெண்டில் எல்மர் பாண்ட் என்பவர் கராஜில் சின்ன டிராக்டர்கள் செய்ய ஆரம்பித்தார். அவர் மகன் செசில் பாண்ட் அதை வீல் ஹார்ஸ் என்ற பிராண்டாக வளர்த்தார்.

பெரிய கம்பெனிகளில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961 மாடலாகக் கப் கேடட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அது தயாரான லூயிவில் ஆலை, போர்க்காலத்தில் ராணுவ விமானம் செய்த இடம். அந்தக் கம்பெனி அதே ஆலையில் ஏற்கெனவே ஃபார்மால் கப் என்ற சின்னப் பண்ணை டிராக்டர் செய்துகொண்டிருந்தது. அதன் கியர்பாக்ஸ் வடிவமைப்பைக் கொஞ்சம் மாற்றித் தோட்ட வண்டிக்குப் போட்டார்கள். அதாவது, புல் வெட்டுற வண்டிக்குள்ளே வயல்ல உழுற டிராக்டரோட எலும்பு. இந்த வண்டிகள் ஏன் அறுபது வருஷம் கழிச்சும் உயிரோட இருக்குன்னு யாராவது கேட்டா, பாதிப் பதில் இதுதான்.

1963-ல் ஜான் டியர் தன் முதல் தோட்ட டிராக்டரான 110-ஐ விஸ்கான்சினில் ஹோரிக்கன் என்ற ஊரில் தயாரித்தது. நம்ம பெரியவர் ஓட்டின வண்டி இதே வரிசை. 1969-ல் இதே கம்பெனி வெள்ளை உடம்பும், சிவப்பு, நீலம், ஆரஞ்சு, மஞ்சள் என்று விதவிதமான மூடியும் சீட்டும் போட்ட வண்டிகளைக்கூட விற்றது. டிராக்டர் அப்போது தோட்டத்து நாற்காலியோடு மேட்சிங்கா இருக்க வேண்டிய பொருளாக ஆகிவிட்டது!

இப்போ முக்கியமான விஷயம். வீல் ஹார்ஸ், கப் கேடட், ஜான் டியர் மூணும் போட்டியாளர்கள். ஆனால் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரே பெயர்தான் இருக்கும். கோலர். ஆமா, பெரிய ஹோட்டல் பாத்ரூம்ல குழாய் மேல பார்ப்பீங்களே, அதே கோலர்.

அந்தக் கம்பெனி இரும்பு வார்ப்பில் வளர்ந்தது. 1883-ல் ஜான் மைக்கேல் கோலர், குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நாலு கால் வைத்து, குளியல் தொட்டியாக விற்றார் என்பது அந்தக் கம்பெனியே சொல்லும் பூர்வ கதை. 1920-ல் மின்சாரம் போகாத கிராமங்களுக்கு ஜெனரேட்டர் செய்தார்கள். அங்கிருந்து இஞ்சின். 1950-களில் கே-சீரிஸ் என்ற ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு இஞ்சின்கள் வந்தன. 1966 ஜான் டியர் 110-ல் இருந்தது 8 குதிரைத்திறன் கே-சீரிஸ்.

எல்லாரும் ஒரே குடும்ப இஞ்சினைப் பயன்படுத்தியதால் என்ன ஆனது? பாயின்ட்ஸ் பச்சை வண்டிக்கும் அதேதான், மஞ்சள் வண்டிக்கும் அதேதான், சிவப்பு வண்டிக்கும் அதேதான். சின்ன ஊர்க் கடைக்காரர் அதை வாங்கி வைத்தால் நிச்சயம் விற்கும். வெஸ்ட் பெண்டில் அந்தச் சாமான் கிடைத்ததற்குப் பின்னால் இருக்கும் பொருளாதாரம் இதுதான்.

தூங்குற இஞ்சினை எழுப்புவது

சரி, அந்தப் பட்டியலுக்குத் திரும்புவோம். பழைய புல்லட், யமஹா ஆர்எக்ஸ் ஓட்டின அப்பா, மாமா யாராவது வீட்ல இருந்தா பாயின்ட்ஸ்னு சொன்னதுமே புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

பாயின்ட்ஸ் என்பது ஒரு சின்ன ஸ்விட்ச். இரண்டு உலோக முனைகள் ஒட்டியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். இஞ்சின் சுற்றும்போது சரியான நொடியில் அந்த முனைகள் விலகும். ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்கும்போது, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் தீப்பொறியாகக் குதிக்கும். முனைகள் விலகும்போது அங்கேயே பொறி பறந்து முனை கருகாமல் காப்பாற்றுவது கண்டென்சர். அந்த இடைவெளி 20 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கோலர் கே-சீரிஸில் இந்தப் பாயின்ட்ஸ் இஞ்சினுக்கு வெளியே, ஒரு சின்னத் தகட்டு மூடிக்குக் கீழே இருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பல இஞ்சின்களில் பாயின்ட்ஸைத் தொட ஃப்ளைவீலையே கழற்ற வேண்டும். இதை வெளியே வைத்தவர்கள், என்றாவது ஒருத்தர் இதைத் திறக்கப் போகிறார் என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜெனரேட்டரும் ஸ்டார்ட்டரும் அதே மாதிரி. அந்தக் காலத்து 110-ல் இரண்டும் ஒரே உடம்பு. பெல்ட் மூலம் இஞ்சினோடு இணைந்த ஒரு மோட்டார். பேட்டரி அதைச் சுற்றினால் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும். இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்யும்.

பத்து இருபது வருஷம் ஷெட்டில் கிடந்த இப்படி ஒரு வண்டி கிடைத்தால், பழைய வண்டி பிரியர்கள் உடனே சாவியைத் திருப்ப மாட்டார்கள். அதற்கு ஒரு வரிசை இருக்கு.

முதலில் ஆயில். இந்த ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஆயிலை அள்ளி வீசிக்கொண்டே இருப்பதுதான் மொத்த ஏற்பாடும். ஆயில் குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. ராட் உடைந்து இஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். அதனால பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

அடுத்து, பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊற வைத்து, கையால் சுற்றிப் பார்ப்பது. பிஸ்டன் துருவில் ஒட்டியிருந்தால் சில நாள் பொறுமை வேணும். அவசரப்பட்டு ஸ்டார்ட்டரால் சுற்றினால் ரிங் உடையும்.

மூன்றாவது, எலி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இது காற்றால் குளிரும் இஞ்சின். ஃப்ளைவீலில் இருக்கும் விசிறி, தகட்டு உறைக்குள் காற்றைத் தள்ளி சிலிண்டரைக் குளிர வைக்கும். அந்த உறை எலிக்கு அருமையான வீடு. கூட்டை எடுக்காமல் ஓட்டினால், இஞ்சின் நல்லா ஓடுற மாதிரியே இருந்து சூடேறிச் செத்துப்போகும்.

நான்காவது, அழுத்தம். இதில் ஒரு பொறி இருக்கு. பல கே-சீரிஸ் இஞ்சின்களில், ஸ்டார்ட் செய்யச் சுலபமாக இருக்கட்டும் என்று, மெதுவாகச் சுற்றும்போது வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. அதனால் கேஜ் வைத்தால் அழுத்தம் குறைவாகக் காட்டும். ரிங் போச்சு என்று நினைத்து நல்ல இஞ்சினைப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் இஞ்சினைப் பின்பக்கமாகக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். அப்போது அந்த ஏற்பாடு வேலை செய்யாது, உண்மையான அழுத்தம் கைக்குத் தெரியும்.

பிறகுதான் பாயின்ட்ஸ். வருஷக்கணக்காகச் சும்மா இருந்தால் முனைகளில் மெல்லிய படலம் படியும், மின்சாரம் போகாது. தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளி சரிபார்த்தால் நிறைய வண்டியில் பொறி திரும்ப வரும். கடைசியாக கார்புரேட்டர். காய்ந்துபோன பெட்ரோல் வார்னிஷ் மாதிரி படிந்து, ஊசிமுனை அளவு துளைகளை அடைத்திருக்கும். கழற்றி, கழுவி, துளை துளையாகக் காற்றடிக்க வேண்டும்.

கவனிச்சீங்களா? இதுவரைக்கும் லேப்டாப் வரல. பாஸ்வேர்டு வரல. ஒவ்வொரு படியிலும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். எது தப்பு என்று வண்டியே சொல்கிறது.

மீதிப் பயணம்

இதை ரொம்ப ரொமான்டிக்கா ஆக்கிடக் கூடாது. வெஸ்ட் பெண்டில் வண்டி சரியானது. ஆனால் இன்னும் 90 மைல் போனதும், சார்ல்ஸ் சிட்டி என்ற ஊரில் ஆல்வினின் பணம் தீர்ந்துவிட்டது. ஆகஸ்ட் மாத ஓய்வூதிய செக் வரும் வரைக்கும் அங்கேயே முகாம் போட்டுக் காத்திருந்தார். ரிப்பேர் செய்ய முடியும் என்பதும், ரிப்பேர் செய்யக் காசு இருக்கு என்பதும் வேறு வேறு விஷயம். ஆகஸ்ட் 15 அன்று, அண்ணன் வீட்டுக்கு இன்னும் இரண்டே மைல் இருக்கும்போது வண்டி மறுபடி நின்றது. அந்த வழியே வந்த ஒரு விவசாயி இறங்கி, கூடச் சேர்ந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டார். ஆறு வாரப் பயணம் அப்படித்தான் முடிந்தது. ஆல்வின் 1996 நவம்பரில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் அவர் ஓட்டியதைப் போன்ற ஒரு புல்வெட்டி வண்டியும் கூடவே போனது.

இப்போ என்ன நடக்குது?

அதே ஜான் டியர் கம்பெனி, இருபது வருஷம் கழித்து வேறு ஒரு விவாதத்தின் நடுவில் நின்றது. இந்த முறை தோட்ட வண்டி இல்லை, பெரிய விவசாய டிராக்டர்கள். அவற்றுக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு சென்சார் கெட்டால், புதுசு வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. டீலரிடம் இருக்கும் மென்பொருள் அந்தச் சாமானை அங்கீகரிக்க வேண்டும். அறுவடைக்கு நாலு நாள் இருக்கும்போது டிராக்டர் நின்றால், ஆள் வரும்வரை வயலில் காத்திருக்க வேண்டும்.

2015-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் முன்னால் ஒரு கேள்வி வந்தது. தன் டிராக்டருக்குள் இருக்கும் மென்பொருளின் பூட்டை உடைத்து ரிப்பேர் செய்தால் விவசாயி குற்றவாளியா? கம்பெனி எதிர்த்தது. டிராக்டர் விவசாயிக்குச் சொந்தம், ஆனால் மென்பொருள் எங்களுடையது, அவருக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்த ஆண்டு அக்டோபரில் விவசாயிகளுக்கு விலக்கு கிடைத்தது. 2023 ஜனவரியில் அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்போடு ஜான் டியர் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதே ஏப்ரலில் கொலராடோ மாநிலம், விவசாயக் கருவிகளை ரிப்பேர் செய்யும் உரிமைக்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், ரிப்பேரில் ஏகபோகம் என்று சொல்லி கம்பெனி மேல் வழக்குப் போட்டது. கம்பெனி அதை மறுத்தது.

கம்பெனி தரப்பில் ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்லணும். மென்பொருளைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவார்கள், பாதுகாப்புப் பூட்டை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். பழைய கே-சீரிஸ் இஞ்சின் சுத்தமான இஞ்சின் கிடையாது. 1997 முதல் அமெரிக்காவில் சின்ன இஞ்சின்களுக்கும் புகை விதிகள் வந்தபோது, அந்தத் தலைமுறை இஞ்சின்களின் காலம் முடிந்தது. அது நல்லதுக்குத்தான். சீட்டிலிருந்து எழுந்தால் பிளேடு தானாக நிற்கும் ஸ்விட்ச், பழைய வண்டிகள் பலதில் கிடையாது. அதனால் போன விரல்கள் எத்தனையோ.

ஆனால் புகையைக் குறைப்பதற்கும், சாமானை மாற்ற டீலரின் அனுமதி வேணும் என்பதற்கும் தொடர்பு இல்லை. முதலாவது பொறியியல் முடிவு. இரண்டாவது வியாபார முடிவு. ரெண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி நம்மகிட்ட விற்கும்போது பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். இந்தியாவிலும் 2022-ல் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்காகக் குழு அமைத்தபோது, விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்ற நாலையும்தான் எடுத்துக்கொண்டது. அதாவது இது அயோவா பிரச்சனை மட்டும் இல்லை, உங்க பாக்கெட்ல இருக்கிற பொருளோட பிரச்சனையும்தான்.

1966 வண்டியைச் செய்தவர்கள் ஆல்வினை மனசில் வைத்துச் செய்யவில்லை. அவர்கள் லாபத்துக்குத்தான் செய்தார்கள். ஆனால் வாங்கியவரோ, ஊர் மெக்கானிக்கோ, வாங்கியவருடைய பேரனோ என்றாவது இதைத் திறப்பார்கள் என்பது அந்தக் காலத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட விஷயம். அந்த அனுமானம் 28 வருஷம் கழித்து ஒரு பெரியவரை அண்ணன் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

அடுத்த தடவை ஏதாவது வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த இரண்டு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. இதை யார் திறக்கலாம்? இதுக்கான சாமான் எங்கே கிடைக்கும்? பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்னு பாருங்க. அதுவே உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிடும்.